ஐந்து வேளைக் கழுவல்

என் பதவியின் பெயர் சுகாதார உதவியாளர், நிலை இரண்டு. நிலை ஒன்று யார் என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒருவரை இன்னும் நியமிக்கவில்லையாம். செய்கிற வேலை நாய்க்கூண்டு கழுவுவது. நகராட்சியின் நாய்கள் பராமரிப்பு மையத்தில் இருபத்துநாலு கூண்டுகள், ஒரே வரிசையாக. தெருவில் அடிபட்ட நாய், வீட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன நாய், யாரையோ கடித்த நாய், எல்லாம் இங்கேதான் வரும். அவற்றைக் கொண்டுவரும் வண்டியை ஓட்டுவது என் கணவர். அவர் கொண்டுவந்து இறக்குவார், நான் பின்னாலேயே சுத்தம் செய்வேன். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

கூண்டுகளின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறிய வாய்க்கால் ஓடுகிறது. ஒன்றாம் கூண்டில் தொடங்கி இருபத்துநாலாம் கூண்டில் முடிகிறது. கட்டியவர் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை மிகச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். ஓடின தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகும் என்பதை மட்டும் அடுத்த திட்டத்துக்கு வைத்துவிட்டார். அதனால் ஒன்றாம் கூண்டைக் கழுவினால், அந்தத் தண்ணீர் மற்ற இருபத்துமூன்று கூண்டுகளையும் விசாரித்துவிட்டு, கடைசிக் கூண்டில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏறி, அரை நாள் நின்று, அப்புறம்தான் வடியும்.

அந்தக் கடைசிக் கூண்டில்தான் தபால் இருந்தது. மூடிக் கிடந்த ஒரு தபால் நிலையத்தின் வாசலில் யாருக்கோ காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்ததாம். என் கணவர்தான் பிடித்து வந்தார், பெயரும் அவர் வைத்ததுதான். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நான் துடைப்பத்தைக் கீழே வைத்தால் கவ்விக்கொண்டு வந்து என்னிடமே கொடுக்கும். நாய்க்கு அது விளையாட்டு, எனக்கு அது மேலும் வேலை. ஆனாலும் எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அதைத் தத்தெடுக்க மனு கொடுத்தேன்.

"பகல் பூரா நாய். வீட்டுக்கு வந்தாலும் நாயா?" என்றார் கணவர்.

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணுன்னுதான் ஆரம்பிக்கும்" என்றார். மறுநாள் மனுவை அவரே கொண்டுபோய் அலுவலகத்தில் சேர்த்தார்.

அந்த வாரம்தான் மூன்றாம் கூண்டுக்கு அந்தக் கறுப்பு நாய் வந்தது. வெள்ளம் புகுந்த ஒரு கிடங்கிலிருந்து மீட்டது. முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் பின்னங்கால்களை நீட்டி மடக்க முடியாமல் கிடந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டாக்டரம்மா அதன் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் புதியது மாட்டிக்கொண்டார்.

"எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கும்மா. எலியோட மூத்திரம் கலந்த தண்ணியில இருந்து வர்றது. இப்ப இந்த நாயோட மூத்திரத்துலயும் அது இருக்கும். இந்தக் கூண்டத் தண்ணி அடிச்சுக் கழுவாதீங்க. அடிச்சா தண்ணியோட போய் எல்லாத்துக்கும் சேந்துடும். உங்களுக்கும் வரலாம். பூட்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு. ஓட்டையோட."

அவர் எல்லாவற்றையும் ஒரு அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினார். மறுநாள் காலை இயக்குநர் எங்கள் மையத்துக்கே நேரில் வந்துவிட்டார். பதினோரு வருடத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலிகள் போடப்பட்டன. கறுப்பு நாய் அதற்குள் செத்துவிட்டிருந்ததால் கூட்டம் அமைதியாக நடந்தது.

"நோய் வந்திருக்கா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம்" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "வந்திருக்குன்னு யார் எழுதினதுங்கறதுதான் முதல் விஷயம். டாக்டர், எலிக்காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. எலி நம்ம இலாகா இல்ல. எலி பொதுச் சுகாதாரம். நாய்தான் நம்மது. நாய்க்கு எலிக்காய்ச்சல்னு எழுதினா ரெண்டு இலாகாவோட ஃபைலும் ஒண்ணு சேந்துடும். அதப் பிரிக்கறதுக்குன்னு தனியா ஒரு இலாகா திறக்க வேண்டி வரும்."

"வேற என்னன்னு சார் எழுதறது?" என்றார் டாக்டரம்மா.

"சோர்வு. வகைப்படுத்தப்படாத சோர்வு."

"மஞ்சக் கண்ணுக்கு?"

"சோர்வான கண்ணு."

நான் கையைத் தூக்கினேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் மனு நிலுவையில் இருக்கிறவளுக்குப் பேசாமலும் இருக்க முடியவில்லை. வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். மேலே கழுவினால் கீழே போய் நிற்கிறது, நாய்கள் அதைத்தான் நக்குகின்றன என்றேன்.

இயக்குநர் என்னை மிகுந்த பொறுமையோடு பார்த்தார். "வாய்க்கால் கட்டடப் பிரிவும்மா. அதுல ஓடற தண்ணி குடிநீர்ப் பிரிவு."

"அந்தத் தண்ணியில கலந்திருக்கிற மூத்திரம் சார்?"

அவர் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அதப் பத்தி இன்னும் உத்தரவு வரல" என்றார் இயக்குநர். "வரட்டும், பாத்துக்கலாம். அதுவரைக்கும் நம்ம கையில இருக்கறது சுத்தம். சுத்தம் இருக்கற இடத்துல சோர்வு வராது. இனிமே ஒரு வேளை கழுவறது மூணு வேளை. நல்லா அழுத்தமான குழாயா வாங்கிக் குடுங்க."

குழாய் அன்று மாலையே வந்தது. நான் ஓட்டையில்லாத பூட்ஸுக்கு எழுதிப்போட்டு நாலு வருடமாகிறது. குழாய் எப்படி ஒரே நாளில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. கையில் பிடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகிற வேகம். சுவரில் அடித்தால் வரிசை முழுக்கப் புகை மாதிரி நீர்த்திவலை எழும்பி நாய்களின் மூக்கிலும் கண்ணிலும் இறங்கும். பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்டேன். போன மாதம்தான் சுவரில் 'தூய்மை' என்று பெயிண்டில் எழுதியிருந்தார்கள். பவுடர் பட்டால் எழுத்து வெளுத்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள்.

மூன்று வேளைக் கழுவல் தொடங்கிய பத்தாம் நாள் ஒன்பதாம் கூண்டு. பன்னிரண்டாம் நாள் பதினெட்டும் இருபதும். முதல் இரண்டுக்கும் அழுதேன். மூன்றாவதற்கு அழுகை வரவில்லை. நீல நிறப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் கழுத்தில் முடிச்சுப் போட்டு, பின்பக்கக் குழிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். முடிச்சு எப்படிப் போட்டால் அவிழாது என்பது எனக்கு மூன்றாவதிலேயே கைவந்துவிட்டது. அதை நினைத்தபோதுதான் என்னவோ போல் இருந்தது.

டாக்டரம்மாவின் அறையில் ஒரு குளிர்ப்பெட்டி. அதில் ஊசிமருந்து ஒரு பெட்டி நிறைய இருந்தது. மேலே அரக்கு முத்திரை. "கொள்ளை நோய்க் கையிருப்பு" என்று எழுதியிருந்தது.

"இத எடுத்துப் போடலாமே?" என்றேன்.

"கொள்ளை நோய்னு அறிவிச்சாத்தான் முத்திரைய உடைக்கலாம். அறிவிக்கணும்னா ஒரே நேரத்துல மூணு நாய்க்கு உறுதியாகணும். ரத்தம் அனுப்பினா முடிவு வர பன்னெண்டு நாள். அதுக்குள்ள நாய் செத்துடுது. செத்த நாய் கணக்குல வராது."

"ஏன்?"

"நோயாளின்னா உயிரோட இருக்கணுமாம். விதியில அப்படித்தான் இருக்கு."

"அப்ப கொள்ளை நோய் இல்லேல்ல? என் நாய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் மேசைமேல் இருந்த அந்த விதித்தாளையும் ஒரு சுற்றறிக்கையையும் என் பக்கம் தள்ளினார். கொள்ளை நோய் இருக்கலாம் என்ற சந்தேகம் நீங்கும்வரை எந்த நாயையும் வெளியே விடக்கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. ஆக, மருந்து போட நோய் இல்லை, வெளியே விட நோய் இருக்கிறது. இரண்டு தாளிலும் கையெழுத்து ஒருவருடையதுதான். நான் இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். அப்புறம் குழாயை எடுத்துக்கொண்டு மத்தியானக் கழுவலுக்குப் போனேன்.

ஆறு நாய்கள் செத்த பிறகு, நாய்களுக்குச் சோர்வு உண்டாக்கும் ஆபத்துக் காரணிகளைக் கண்டறிய ஓர் ஆய்வு என்று உத்தரவு வந்தது. நாய்க்கு ஒரு படிவம், படிவத்துக்கு அறுபத்திரண்டு கேள்வி. எங்கள் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளைப் படிப்பார், நான் நாய்களின் சார்பில் பதில் சொல்ல வேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, அந்த எட்டு மாதமும் பிரச்சினை இல்லாமல் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எந்தக் கொள்கையும் கிடையாது.

"நாய் கடந்த முப்பது நாளில் வெளியூர்ப் பயணம் மேற்கொண்டதா?"

"கூண்டுல இருக்கு சார்."

"ஆமாவா, இல்லையா?"

"இல்ல."

"நாயின் தொழில்? காவல், வேட்டை, இதர."

தபாலுக்கு நான் 'தபால்துறை, தற்காலிகம்' என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

"தேங்கிய நீர் உள்ள இடங்களுக்கு நாய் தானாக விரும்பிச் செல்லும் பழக்கம் உடையதா?"

"தண்ணிதான் சார் இதுகிட்ட வருது."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றார் மேற்பார்வையாளர். உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ஆய்வு முடிவு வந்தது. வயது காரணமில்லை, இனம் காரணமில்லை, ஆணா பெண்ணா என்பதும் காரணமில்லை. ஆனால் ஓர் அம்சம் மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகியிருந்தது. கூண்டு எண் கூடக்கூட இறப்பும் கூடுகிறது. குறிப்பாகப் பதினெட்டுக்கு மேற்பட்ட எண்கள் மிகவும் ஆபத்தானவை. இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் வாய்க்காலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் பெயிண்டர் வந்தார். பதினெட்டுக்கு மேற்பட்ட எண்கள் ஒழிக்கப்பட்டன. பத்தொன்பது முதல் இருபத்துநாலு வரையிலான கூண்டுகள் ஒன்று-அ, இரண்டு-அ என்று தொடங்கி ஆறு-அ வரை ஆயின. "ஆபத்து எண்ணிலேயே கை வெச்சுட்டோம்" என்று இயக்குநர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தபால் இருபத்துநாலிலிருந்து ஆறு-அ வுக்குப் போயிற்று. அதற்கு அது தெரியாது. அதே தண்ணீரில் அதே மூலையில் சற்று மேடான ஒரு கல்லின்மேல் நாலு காலையும் குறுக்கி நின்றுகொண்டிருந்தது.

பெயிண்ட் காய்வதற்குள் நாலு-அ போனது. உடனே கழுவல் ஐந்து வேளையாக உயர்த்தப்பட்டது. அடுத்த வாரம் ஐந்து-அ. அதில் இருந்தது ஜமீன் என்று நாங்கள் கூப்பிடும் கிழட்டு நாய். இரண்டு கண்ணும் தெரியாது. சோற்றுத் தட்டை அடுத்த கூண்டின் கம்பி வழியாகத் தபால்தான் மூக்கால் தள்ளிக் கொடுக்கும். மொத்தம் ஒன்பது. மிச்சமிருந்தது பதினைந்து நாய், அதில் வரிசையின் கடைசி என்னுடையது.

அன்று மத்தியானம் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சாப்பிடு" என்றார் கணவர்.

"நான்தாங்க கொல்றேன்."

"நீயா? அவங்கல்ல சொல்றாங்க."

"அவங்க சொல்றாங்க. குழாய் என் கையிலதானே இருக்கு?"

அவர் டப்பாவை மூடி, தண்ணீர் குடித்து, கையைத் துடைத்தார்.

"கழுவாம விட்டா என்ன ஆகும்?"

"வேலை போகும்."

"கழுவலேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷன் என்ன பாக்கறாரு?"

யோசித்துப் பார்த்தேன். மேற்பார்வையாளர் ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் நடைபாதையில் வந்து, ஷூ நுனியால் தரையைத் தொட்டுப் பார்ப்பார். ஷூ ஈரமானால் பதிவேட்டில் டிக். கூண்டுக்குள் அவர் எட்டிப் பார்த்து நான் பார்த்ததில்லை. நடைபாதையோ வாய்க்காலுக்கு வெளியே இருக்கிறது.

மறுநாள் முதல் நான் கூண்டுகளைக் கழுவுவதை நிறுத்திவிட்டேன். கழிவை மண்வாரியால் வாரினேன். ஈரம் இருந்த இடத்தில் மரத்தூள் கொட்டி, அது குடித்த பிறகு பெருக்கி அள்ளினேன். மரத்தூளை மர அறுவைப் பட்டறையிலிருந்து கணவர் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தார். வாய்க்காலின் அடைப்பை ஒரு கம்பியை விட்டுக் குடைந்து, நின்ற தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே கொட்டினேன். அரக்கு முத்திரை வேண்டாத பிளீச்சிங் பவுடரைக் கடையில் வாங்கி, 'தூய்மை' என்ற எழுத்தில் படாமல் பார்த்துத் தூவினேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை நடைபாதையை மட்டும் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்தேன். மேற்பார்வையாளர் வந்தார், ஷூ நுனி நனைந்தது, டிக் போட்டார்.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமை வந்து கூண்டுக்குள் குனிந்து மரத்தூளை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"இத நான் பாக்கல" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "மூணாம் கூண்டு மூலையில இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

அடுத்த வாரம் எந்த நாயும் சாகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அந்த அளவுக்கு எதுவும் வரவில்லை. காலையில் வந்ததும் வரிசை முழுக்க நடந்து, எல்லாம் எழுந்து நிற்கின்றனவா என்று பார்ப்பேன். கடைசியில் தபால் துடைப்பத்தைக் கொடு என்று குதிக்கும். அப்போதுதான் மூச்சு விடுவேன். நாற்பது நாள் அப்படி.

நாற்பத்தோராம் நாள் இயக்குநரின் கடிதம் வந்தது. ஐந்து வேளைக் கழுவலின் மகத்தான வெற்றியைக் கொண்டாட விழா. இறப்பில்லா மையம் என்று சான்றிதழ். பிற நகரங்களின் அதிகாரிகள் வந்து பார்த்து, தங்கள் மையங்களிலும் இதே முறையைக் கடைப்பிடிப்பார்கள். தேவையற்றுப்போன ஊசிமருந்துப் பெட்டி முத்திரை உடைபடாமல் மேடையிலேயே தலைமையகத்திடம் திருப்பி ஒப்படைக்கப்படும். சந்தேகம் நீங்கியதால் தத்து மனுக்களும் ஏற்கப்பட்டன. தபாலை என்னிடம் ஒப்படைக்கும் ஆணையை விழாவின் முடிவில் இயக்குநர் தன் கையால் தருவார். ஆணையில் விழா நாளின் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, மேற்பார்வையாளர் எனக்குக் காட்டினார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டாம் கூண்டுக்கு ஒரு புதிய நாய் வந்திருந்தது. சாப்பிடவில்லை. பின்னங்கால்கள் விறைத்திருந்தன. நான் அதன் கூண்டில் மரத்தூளைக் கணுக்கால் உயரத்துக்குப் போட்டு வைத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லலாமென்றால், ஐந்து வேளைக் கழுவலை விளக்கிச் சொல்ல அவரை வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் என்ன விளக்கினாரோ தெரியாது.

விழாவன்று பந்தல், நாற்காலி, மாலை. நாற்பது விருந்தினர்கள். இயக்குநர் பேசினார்.

"சில பேர் என்கிட்ட கேட்டாங்க, நாய் ஏன் சாகுதுன்னு. நான் அந்தக் கேள்விக்குள்ளயே போகல. காரணத்தத் தேடிப் போனா காரணம் நம்ம வாசல்லயே வந்து நின்னுடும். நான் போனது தீர்வுக்கு. தண்ணி! தண்ணி எங்க பாயுதோ அங்க அழுக்கு நிக்காது. அடுத்த இடத்துக்குப் போயிடும். அதுதான் நிர்வாகம்."

கைதட்டல். பிறகு அவர் மேல்சட்டையைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்தார். முன்னுதாரணமாக, ஒன்றாம் கூண்டிலிருந்து கடைசிவரை இன்று தானே கழுவப்போவதாக அறிவித்தார். குழாயை அவர் கையில் கொடுத்தார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "சார், ரெண்டாம் கூண்டுல உடம்பு சரியில்லாத நாய் இருக்கு. தண்ணி அடிக்க வேண்டாம் சார்."

"உடம்பு சரியில்லாததாலதாம்மா அடிக்கறோம்."

"சார், நாப்பது நாளா நான் கழுவவே இல்ல." குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "நடைபாதைய மட்டும்தான் நனைச்சேன். உள்ள மரத்தூள்தான் போட்டேன். அதனாலதான் சாகல. பதிவேட்டுல இருக்கறது எல்லாம் பொய்."

மேற்பார்வையாளரின் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் வண்டியருகே இருந்து நடந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டார். இயக்குநர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்து, ஒலிபெருக்கியை வாய்க்கருகில் இழுத்தார்.

"பாத்தீங்களா? இருநூறு தடவை கழுவியிருக்காங்க, பதிவேட்டுல இருக்கு. ஆனா நான் ஒண்ணுமே செய்யலேன்னு சொல்றாங்க. இந்தத் தன்னடக்கத்த எந்த நாட்டுல பாக்க முடியும்?"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் என் கழுத்தில் மாலை போட்டார். அந்தச் சத்தத்தில் குழாய் திறந்தது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் கூண்டின் மரத்தூள் அப்படியே பெயர்ந்து வாய்க்காலில் மிதந்து போவதைத்தான் பார்த்தேன். மாலையோடு கடைசிக் கூண்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. சாவி மேடையில், ஆணையோடு ஒரு தட்டில் வைக்கப்பட்டிருந்தது. தூள் போய் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் திரும்பவும் ஏறிற்று. வெயில் நேரம். தபால் என்னைப் பார்த்து வாலாட்டிவிட்டு, குனிந்து நக்கிக் குடித்தது.

விழா நேரம் கடந்துவிட்டதால் ஆணை வழங்கும் நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. அதை இயக்குநர் கையால்தான் தரவேண்டும். இயக்குநர் ஐந்து வேளைக் கழுவலை மற்ற ஊர்களில் தொடங்கிவைக்கச் சுற்றுப்பயணம் போய்விட்டார். நாலாம் நாள் நானும் கணவரும் துணிந்து தபாலை வண்டியில் ஏற்றினோம். கேட்டில் சீட்டு கேட்டார்கள். சீட்டு இல்லை. இறக்கினோம். ஆறாம் நாள் அது துடைப்பத்தை எடுக்கவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, அவர் சொன்ன மாத்திரையைக் கடையில் வாங்கி, பொடித்துச் சோற்றில் வைத்துக் கொடுத்தேன். எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் காலை நான் வரிசை முழுக்க நடந்து வந்தேன், கடைசிக் கூண்டில் எதுவும் குதிக்கவில்லை.

நீல உறையை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"செத்துப்போச்சுன்னு எழுத முடியாதும்மா. இறப்பில்லா மையம்னு போன வாரம்தானே சான்றிதழ் மாட்டியிருக்கோம். இங்க பாருங்க, ஒப்படைப்பு ஆணை விழாத் தேதியிலயே கையெழுத்தாயிடுச்சு. அதுப்படி நாய் அன்னிக்கே உங்க வீட்டுக்கு வந்துடுச்சு. கையால குடுக்கறத சார் வந்தப்புறம் ஒரு போட்டோ எடுத்துக்கலாம். இதுல பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இன்னும் அஞ்சு மாசம்தாம்மா இருக்கு."

கையெழுத்துப் போட்டேன்.

"அப்புறம், பின்பக்கக் குழி மையத்து நாய்க்கு மட்டும்தான். இது இப்ப உங்க நாய்" என்றார்.

என் கணவர் அதை உறையில் போடவிடவில்லை. தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் வைத்தார். கேட்டில் ஆணையைக் காட்டினோம். காவலாளி தேதியைச் சரிபார்த்து, முத்திரையைச் சரிபார்த்து, கதவை அகலத் திறந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம்.

ஒரு மாதம் கழித்து மையத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தத்துக் கொடுக்கப்பட்ட நாயின் நலம் விசாரிக்கும் மாதாந்தரப் படிவம். நிரப்பி அனுப்பாவிட்டால் நாயைப் புறக்கணித்ததாக வழக்கு. மேசையில் வைத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"நாய் நலமாக உள்ளதா?" என்று படித்தார். "நலம்."

"சரியாகச் சாப்பிடுகிறதா? சாப்பிடுது."

"வீட்டாருடன் பழகிவிட்டதா?" அதில் கொஞ்ச நேரம் நின்றார். ஆம் என்று எழுதினார்.

"எடை?"

"கடைசியா போட்டப்போ பதிமூணு கிலோ" என்றேன்.

அவர் பதினாலு என்று எழுதினார்.

"என்னங்க, பதிமூணுங்க."

"வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு" என்றார், படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல். "கொஞ்சம் எடை போட்டிருக்காதா?"